மின்மாற்றியைப் பொறுத்தவரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படும் கருவி மின்மாற்றி என்று பலரும் அறிவார்கள். அந்த வரையறையில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை அறியாமல் விடும்போது, சிறு குழப்பமாகத் தொடங்குவது சுருள் எரிவதிலும், சில வேளைகளில் உயிர் போவதிலும் முடிகிறது.

அழுத்தம் உயர்ந்தால் மின்திறனும் உயரும் என்று நினைப்பது அடிப்படையான தவறு. மின்சாரம் கொடுக்கப்படும் முதன்மைச் சுருளில் 4,800 சுற்றுகளும், எடுக்கப்படும் துணைச் சுருளில் 100 சுற்றுகளும் இருந்தால், அந்தச் சுற்றுகளின் விகிதப்படி 11,000 வோல்ட் ஏறத்தாழ 230 வோல்ட்டாகக் குறையும். அதே 48 மடங்கில் மின்னோட்டம் கூடும். இரண்டின் பெருக்கமாகிய திறன், சிறிதளவு இழப்பு நீங்கலாக, மாறுவதில்லை. அப்படியானால் உயர் அழுத்தத்துக்கு ஏற்றி அனுப்புவது எதற்கு? 100 கிலோவாட் திறனை 230 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் சுமார் 435 ஆம்பியர் ஓடும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 9 ஆம்பியர் போதும். கம்பி சூடாவதால் வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 2,300 மடங்கு குறைகிறது. மின் நிலையத்தில் ஏற்றி, துணை மின்நிலையங்களில் படிப்படியாக இறக்கி, தெருவில் நிற்கும் மின்மாற்றியில் கடைசியாக இறக்குவதன் காரணம் இந்தக் கணக்குதான்.

அடுத்த தவறு, மின்மாற்றிக்கு நேர்த்திசை மின்னோட்டம், அதாவது மின்கலம் தருவதுபோல் திசை மாறாத மின்னோட்டம், கொடுப்பது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்கலத்தை இணைத்தபோது, மற்றொன்றோடு சேர்ந்திருந்த கருவியின் முள் ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்ப்பக்கம் அசைந்தது. இடைப்பட்ட நேரம் முழுவதும் மின்னோட்டம் ஓடியும் முள் அசையவே இல்லை. காந்தப் பாயம், அதாவது சுருளினூடே செல்லும் காந்தப் புலத்தின் அளவு, இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை இல்லை. அதே மாற்றம்தான் முதன்மைச் சுருளிலும் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. 2 ஓம் மின்தடை கொண்ட சுருளில் 230 வோல்ட் நேர்த்திசை அழுத்தத்தைக் கொடுத்தால், தடுக்க எதுவுமின்றி 115 ஆம்பியர் பாய முயலும். பியூஸ் போகாவிட்டால் சுருள் போய்விடும்.

திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் நொடிக்கு எத்தனை சுழற்சிகளை (ஹெர்ட்ஸ்) முடிக்கிறது என்பதைக் காட்டும் அதிர்வெண்ணைக் கவனியாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த மின்மாற்றியை அதே அழுத்தத்தில் 50 ஹெர்ட்ஸில் இயக்கினால், சுருள்கள் சுற்றப்பட்ட இரும்பு உள்ளகத்தில் காந்தப் பாயம் 20 விழுக்காடு கூட வேண்டியிருக்கும். மேலும் பாயத்தை எளிதில் ஏற்க முடியாத தெவிட்டு நிலையை இரும்பு எட்டியபின் அதற்கு இடமில்லாததால், முதன்மைச் சுருளில் மின்னோட்டம் மிகுந்து, சுமையே இல்லாத நிலையிலும் மின்மாற்றி சூடேறும். வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டு வருபவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு ஹெர்ட்ஸைப் பார்க்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

சுமையைக் கணக்கிடும்போது, உண்மையில் வேலையாகும் திறனைக் குறிக்கும் கிலோவாட்டையும், அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் கே.வி.ஏ.வையும் (கிலோவோல்ட்-ஆம்பியர்) ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மின்மாற்றியைச் சூடாக்குபவை அழுத்தமும் மின்னோட்டமுமே என்பதால், அதன் திறனளவு கே.வி.ஏ.வில் குறிக்கப்படுகிறது. கே.வி.ஏ.வில் எத்தனை பங்கு கிலோவாட்டாகிறது என்பதைக் காட்டும் திறன் காரணி 0.7 உள்ள சுமையாக இருந்தால், 100 கே.வி.ஏ. மின்மாற்றி 70 கிலோவாட்டுக்குத்தான் தாங்கும். அங்கே 100 கிலோவாட் ஏற்றினால் உண்மையில் 143 கே.வி.ஏ. ஏற்றியதாகும். அன்றே எரியவில்லை என்று நிம்மதி அடைவது எனக்குச் சரியாகப் படவில்லை. சுருள்களைச் சுற்றியுள்ள காப்புத் தாள் வெப்பத்தில் மெல்ல நொறுங்குகிறது. மிக அதிகம் சூடாகும் இடத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம், வழக்கமான காப்புத் தாள் முதுமையடையும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு. அதற்காகத் தேவைக்கு மிகப் பெரியதை வாங்கி வைப்பதும் சரியன்று, ஏனென்றால் இணைப்பில் இருக்கும் நேரமெல்லாம், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளக இழப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

மின்மாற்றியிலிருந்து வரும் ரீங்காரத்தைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. காந்தப் பாயத்தால் இரும்புத் தகடுகள் நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ் ஒலி இயல்பாகவே எழும். ஒலி திடீரென மாறினால்தான் ஆராய வேண்டும். உள்ளிருக்கும் எண்ணெய் மசகுக்கானது அன்று, காப்புக்கும் குளிர்விப்புக்குமானது. சிறிதளவு ஈரமும் அதன் காப்புத்திறனைக் கெடுத்துவிடும். ஆகவே மின்மாற்றிக்குள் காற்று சென்று வரும் சுவாசக் குழாயில், ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரமேறி இளஞ்சிவப்பாக மாறியதைக் கண்டும் மாற்றாமல் விடுவது பெருந்தவறு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மின்மாற்றி ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை. மின்வெட்டின்போது ஒருவர் தம் ஜெனரேட்டரை வீட்டின் பிளக் பாயிண்ட் ஒன்றில் நேரடியாகச் சொருகினால், அந்த 230 வோல்ட் மீட்டரைக் கடந்து தெரு மின்மாற்றியின் தாழ் அழுத்தப் பக்கத்தை அடையக்கூடும். மின்மாற்றிக்கு எது உள்ளே, எது வெளியே என்ற வேறுபாடு கிடையாது. அதே 48 மடங்கு இப்போது தலைகீழாகச் செயல்பட்டு, மின்சாரம் நிறுத்தப்பட்டதாக எண்ணப்படும் லைனில் 11,000 வோல்ட்டை ஏற்றிவிடும். அந்த நேரத்தில் கம்பத்தின் மீது ஒரு தொழிலாளி இருக்கலாம். எனவே வெளி இணைப்பு முழுவதுமாகத் துண்டிக்கப்பட்ட பிறகே ஜெனரேட்டர் இணையும்படி அமைந்த சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. லைனில் வேலை செய்பவர்களும், சுவிட்சைத் திறந்துவிட்டோம் என்பதோடு நிறுத்தாமல், அழுத்தம் இல்லை என்பதைச் சோதித்து, வேலை செய்யும் இடத்தின் இரு பக்கத்திலும் கம்பிகளை ஒன்றாக இணைத்து எர்த் செய்த பின்னரே கை வைக்க வேண்டும்.