முட்டையில்லாக் கஸ்டர்ட்: ஆல்ஃபிரட் பேர்டின் வழியில் காய்ச்சும் முறை

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், பெல் தெருவில் மருந்துக்கடை நடத்திய வேதியியலாளர் ஆல்ஃபிரட் பேர்டின் (1811–1878) மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அந்நாட்டுக் கஸ்டர்டோ முட்டையின் மஞ்சள் கருவால் கெட்டியாவது. மனைவியும் அதை உண்ண வேண்டும் என்பதற்காக, 1837-இல் அவர் மஞ்சள் கருவை நீக்கிவிட்டு மக்காச்சோள மாச்சத்தால் (கார்ன்ஃப்ளவர்) பாலைக் கெட்டியாக்கினார். அந்தக் கஸ்டர்ட் ஒருநாள் விருந்தினருக்கும் பரிமாறப்பட்டு, அவர்கள் அதை விரும்பி உண்ட பிறகே விற்பனைக்கு வந்தது என்பார்கள். எலிசபெத்துக்கு ஈஸ்டும் சேராது என்பதால், 1843-இல் ரொட்டியை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரையும் அவர் உருவாக்கினார். இன்று நம் வீடுகளில் ஃப்ரூட் சாலட்டுக்குக் காய்ச்சும் கஸ்டர்டும் அவர் கண்ட வழியில் செய்யப்படுவதுதான்.

அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரும் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையும் போதும். பவுடர் இல்லையென்றால் அதே அளவு கார்ன்ஃப்ளவருடன் சில துளி வெனிலா எசென்ஸ் சேர்த்துக்கொள்ளலாம்; நிறம் மட்டும் வெளுப்பாக இருக்கும். கார்ன்ஃப்ளவர் என்பது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளை மாச்சத்து. முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவு இதற்கு உதவாது.

கூழ் காய்ச்சும்போது மாவை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொள்வதைப் போலவே, இங்கும் பவுடரைக் கால் டம்ளர் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். சூடான பாலில் நேரடியாகக் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையின் மேற்புறமும் உடனே வெந்து இறுகிவிடும். உள்ளே இருக்கும் மாவுக்கு ஈரமே எட்டாது. மீதிப் பாலைச் சர்க்கரையுடன் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, கரைசலை மீண்டும் ஒருமுறை கலக்கி, மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இடைவிடாமல் கிளற வேண்டும். கரைத்த மாவு நொடியில் அடியில் படிந்துவிடும் என்பதால் அந்தக் கலக்கலைத் தவிர்க்கக் கூடாது.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மஞ்சள் கரு சேர்த்த கஸ்டர்டைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். மாவுக் கஸ்டர்டுக்கோ கொதிதான் உயிர். சற்றே கெட்டிப்பட்டதும் இறக்கிவிட்டால் பச்சை மாவின் வாடை நிற்கும். ஆகவே குமிழிகள் எழுந்த பின்னும் ஓரிரு நிமிடம், அடிப்பிடிக்காதபடி வழித்து வழித்துக் கிளறி, பளபளப்பு வந்து கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும் பதத்தில் இறக்க வேண்டும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால், ஊற்றும் பதத்தைவிடச் சற்று இளக்கமாகவே இருக்கட்டும்.

மேலே ஏடு கட்டாதிருக்க ஆறும்வரை அவ்வப்போது கிளறுங்கள். வாழைப்பழத்தையும் மாதுளை முத்துகளையும் நன்றாகக் குளிர்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். ருசி பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடாதீர்கள். எச்சிலில் உள்ள நொதி மாச்சத்தைச் சிதைத்து, மறுநாளுக்குள் கஸ்டர்டை நீர்த்துப்போகச் செய்துவிடும்.