எஸ்பிரெசோ இயந்திரத்தில் படியும் கல்: திருகோணமலைத் தண்ணீரும் பராமரிப்பும்

எஸ்பிரெசோ இயந்திரத்தின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது; ஆனால் அதே தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பார்க்கலாம். அங்கே வெள்ளையாகச் சொரசொரவென்று ஏதேனும் ஒட்டியிருந்தால், இயந்திரத்தின் கொதிகலனிலும் மெல்லிய குழாய்களிலும் அதுவே படிந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். தண்ணீரில் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று சூடேறும்போது பிரிந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. படிவு தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீரைச் சேரத் தாமதமாகும். பம்பியின் இரைச்சல் கூடும். வழக்கமாக 25 முதல் 30 வினாடிக்குள் வடியும் கோப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும்.

கடற்கரையோரக் கிணறுகளைப் பொறுத்தவரை இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். கேத்தலில் காணும் வெள்ளைப் படிவின்மீது தேசிக்காய்ச் சாற்றை ஒரு துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். வெறும் தண்ணீரிலேயே கரைந்து போனால் உப்பு. கல்லை அமிலத்தால் அகற்றலாம், ஆனால் உவர் நீரிலுள்ள குளோரைட்டு துருப்பிடிக்காத உருக்கையும் அரிக்கக் கூடியது என்பதால், உவர்க்கும் கிணற்று நீரை இயந்திரத்தில் ஊற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உப்புவெளி என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் காரணமில்லாமல் வைத்திருக்க மாட்டார்கள்.

கந்தளாயில் சுத்திகரிக்கப்பட்டு வரும் குழாய் நீர் கிடைக்கும் வீடுகளில் அதையே பயன்படுத்துவது நல்லது. குளோரின் மணம் இருந்தால் திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்தெடுக்கலாம். உவர்ப்பில்லாத, ஆனால் வன்மையான, அதாவது சூடானால் கல்லாகப் படியும் கல்சியம் மிகுந்த, கிணற்று நீர்தான் உண்டென்றால், அதைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக வார்த்தெடுங்கள். வன்மையின் பெரும்பங்கு பாத்திரத்திலேயே தங்கிவிடும். காய்ச்சி வடித்த நீர் இதற்குத் தீர்வாகாது. அதில் கோப்பி சப்பென்றிருக்கும். மின்கடத்தலைக் கொண்டு நீர்மட்டத்தை அறியும் இயந்திரங்கள் அந்த நீரை உணராமலும் போகலாம்.

கல் நீக்குவதற்கு, கேக் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிற்றிக் அமிலத் தூள் போதும். ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம், அதாவது மட்டமாக ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி, முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். வினாகிரியின் மணம் எளிதில் போகாது, இறப்பர் வளையங்களுக்கும் அது ஆகாது. அலுமினியக் கொதிகலன் உள்ள இயந்திரமானால், கைநூல் எந்தக் கரைசலை அனுமதிக்கிறது என்று பார்த்த பின்னரே தொடங்குங்கள். நீராவிக்கென்று தனிக் கொதிகலன் உள்ள பெரிய இயந்திரங்களில் அமிலம் உள்ளே தேங்கிவிடக் கூடும் என்பதால், அவற்றைத் திருத்துநரிடம் விடுவதே மேல்.

தண்ணீர்த் தாங்கியில் வடிகட்டி இருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கரைசலை நிரப்புங்கள். இயந்திரம் சூடானதும் கோப்பி இறங்கும் வழியாகச் சுமார் 100 மில்லிலீற்றரும் நீராவிக் குழாய் வழியாகச் சிறிதளவும் வெளியேற்றி, நிறுத்தி, 15 நிமிடம் ஊறவிட்டு, தாங்கி ஏறத்தாழ வெறுமையாகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பம்பி வறண்டு ஓட விடாதீர்கள். பின்னர் இரண்டு தாங்கி நல்ல தண்ணீரை இரு வழிகளாலும் ஓடவிட வேண்டும். இடையில் மின்சாரம் நின்றுபோனால் அமிலம் கொதிகலனுக்குள் தங்கிவிடும். ஆகையால் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதும், எதிர்பாராமல் நின்றுவிட்டால் மின்சாரம் வந்தவுடன் வேறெதற்கும் முன் அலசுவதும் அவசியம். பெயர்ந்த கல் துணுக்குகள் கோப்பி இறங்கும் துளைத்தட்டை அடைத்துக்கொள்வதுண்டு. அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். குழாய் நீருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், வன்மையான கிணற்று நீருக்கு மாதம் ஒரு முறையும் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கோப்பியின் எண்ணெய்ப் பிசுக்கு வேறு விடயம். அமிலம் அதை அகற்றாது. அதற்கென விற்கப்படும் காரத் தூளைப் பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நீராவிக் குழாயைப் பால் காய முன்னரே ஈரத்துணியால் துடைத்து, இரண்டு வினாடி நீராவியை வெளியே விடுங்கள். இஞ்சியும் மல்லியும் கலந்தரைத்த கோப்பித் தூளை இதில் போட்டு வடியை அடைத்துக்கொள்ள வேண்டாம். அதன் சுவைக்குக் கேத்தலும் சீனியும் போதும். கோப்பித் தூள் இட்டு மாட்டும் கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் இறப்பர் வளையம் கெட்டிப்பட்டுவிட்டது, புதிதாக மாற்றுங்கள். கடற்காற்று நேரே படும் யன்னலோரத்தில் இயந்திரத்தை வைக்க வேண்டாம். வெளியூர் செல்லும்போது தாங்கியைக் கவிழ்த்து உலர்த்திவிட்டுச் செல்லுங்கள்.