பெட்டியில் 600 வாட் என்று போட்டிருக்கும்

குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிற நம் பிள்ளைகள் முதல் வருடம் கேட்பதெல்லாம் பேங்க் கணக்கும் டிரைவிங் லைசென்ஸும்தான். சொந்த வீடு வாங்கியதும் கேள்வி மாறிவிடுகிறது. "மாமா, ஹால்ல ஸ்மார்ட் டிம்மர் போடலாம்னு இருக்கேன், 600 வாட் போதுமா?" விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்தான் டிம்மர், அதை ஃபோனிலிருந்தும் இயக்க முடிந்தால் ஸ்மார்ட் டிம்மர். பல வருடம் நியூஜெர்சியில் இருந்துவிட்டு இப்போது குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் குடியிருக்கிறேன். ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாகப் போனவர்கள் படித்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர்க்காரருக்கு ஃபேன் ரெகுலேட்டரைக் காட்டினால் டிம்மர் பாதி புரிந்துவிடும். நம் வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். டிம்மர் மின்சார அலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. அங்கே 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை, ஆகவே நொடிக்கு 120 வெட்டு. 1959இல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா வீட்டுச் சுவருக்குள் அடங்கும் டிம்மரைச் செய்துகாட்டியது இந்த வழியில்தான். வெட்டும்போது சுவிட்சும் கொஞ்சம் சூடாகும். 600 வாட் லோடு என்றால் 120 வோல்ட்டில் 5 ஆம்பியர். அதில் ஆறேழு வாட் சுவிட்சுக்குள்ளேயே வெப்பமாகிவிடும். தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். சுவரில் ஒரே சுவிட்ச் பெட்டியில் இரண்டு மூன்று டிம்மரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க, ஓரத்தில் இருக்கும் உலோகச் சிறகை உடைத்து எடுக்கச் சொல்வார்கள். பல மாடல்களில் ஒரு பக்கம் உடைத்தால் 600 வாட் 500 ஆகிவிடும், இரண்டு பக்கமும் உடைத்தால் 400. கூட வரும் தாளில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் எல்இடியில். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 600 பழைய குண்டு பல்புக்கும் ஹாலஜனுக்கும் உள்ள கணக்கு. அதே சுவிட்சில் எல்இடிக்கு 150 வாட் என்று தனியாக இருக்கும். எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்ன மின்சுற்று கரண்டை ஒரே சீராக இழுக்காமல், போட்ட கணத்தில் குபீரென்று இழுக்கும். அதனால்தான் இந்த வித்தியாசம். பழைய வீட்டு சீலிங்கில் 65 வாட் பல்பு 12 இருந்தால் 780 வாட், 600 வாட் டிம்மர் தாங்காது. அந்த இடத்தில் 9 வாட் எல்இடி 12 போட்டால் 108 வாட்தான், தாராளமாகத் தாங்கும். ஆசைப்பட்டு 20 விளக்காக்கினால் 180, மறுபடியும் எல்லை தாண்டிவிடும். கூட்டும்போது பல்பு அட்டையில் "60 வாட்டுக்குச் சமம்" என்று இருப்பதை எடுக்காதீர்கள், நிஜமாக இழுக்கும் 8 அல்லது 9 வாட்டை எடுங்கள். பல்பு டிம் செய்யக்கூடியதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மினுக்கும், ரீங்காரம் போடும்.

லோடு ரொம்பக் குறைந்தாலும் தொல்லைதான். ஒற்றை 5 வாட் பல்பை மாட்டினால் சில டிம்மர் அணைக்க மறுக்கும், அணைத்த பிறகும் மங்கலாக எரியும்.

சரி, வயரிங். ஸ்மார்ட் டிம்மர்களில் பாதிக்கு மேல் நியூட்ரல் கேட்கும், உள்ளே ஃபோனோடு பேசும் ரேடியோ எந்நேரமும் விழித்திருக்க வேண்டுமே. அமெரிக்க மின் விதியில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வேண்டும் என்ற பிரிவு 2011இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீடு என்றால் வாங்கும் முன் பிரேக்கரை இறக்கிவிட்டு, சோதித்து, பெட்டியைத் திறந்து பாருங்கள். நியூட்ரல் இல்லையென்றால் அது தேவைப்படாத மாடல்களும் கிடைக்கின்றன. கைப்பழக்கம் இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வாடகை வீட்டில் சுவிட்சைத் தொடாதீர்கள், ஸ்மார்ட் பல்பு போதும். அதை டிம்மருக்குக் கீழே மாட்டக் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று குழப்பும்.

இன்னொன்று, அங்கே சீலிங் ஃபேனும் விளக்கும் ஒரே தண்டில் தொங்கும். விளக்கு டிம்மரை ஃபேன் மோட்டருக்குக் கொடுக்கக் கூடாது. பிளக் பாயிண்டுக்கும் கூடாது. ஊட்டிக் குளிரில் பழகியவர்கள் முதல் டிசம்பரில் அந்தப் பிளக்கில் ரூம் ஹீட்டரைத்தான் சொருகுவார்கள்.

அப்புறம், ஊருக்கு வரும்போது சூட்கேஸில் ஒன்று கொண்டுவராதீர்கள். நான் கொண்டுவந்தேன். அது 120 வோல்ட்டுக்கு மட்டுமானது, நம் ஊரில் 230. ஹாலில் மாட்டி பிரேக்கரை ஏற்றினேன், டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாசம். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல 120னு போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். அந்த இடத்தில் இப்போது சாதா சுவிட்ச்தான் இருக்கிறது.