ஸ்டோர்டு புரொசீஜருக்குள் டெம்ப் டேபிள்: எப்போது, எப்படி

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில் ஸ்டோர்டு புரொசீஜர் வேகமானதா, டெம்ப் டேபிள் வேகமானதா என்று கேட்பவர்கள், போட்டியே இல்லாத இரண்டை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். புரொசீஜர் என்பது சர்வரில் சேமித்த நிரல். டெம்ப் டேபிள் என்பது அந்த நிரல் தன் இடைக்கால விடையை டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸில் எழுதி வைக்கும் இடம். புரொசீஜரின் எக்ஸிகியூஷன் பிளான், அதாவது தரவைக் கேட்கும் கட்டளையை (குவெரியை) எந்த வழியில் ஓட்டுவது என்ற திட்டம், நினைவகத்தில் தங்கி மீண்டும் பயன்படுவது உண்மைதான். ஆனால் பாராமீட்டருடன் அனுப்பும் சாதாரண குவெரிக்கும் அதே வசதி உண்டு. ஆகவே மெதுவாக ஓடும் குவெரியை அப்படியே புரொசீஜருக்குள் வைப்பதால் மட்டும் வேகம் கூடிவிடாது.

முதலில் அளந்து பாருங்கள். எந்த டேபிளில் எவ்வளவு படிக்கப்பட்டது என்று காட்டும் ‘செட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓ ஆன்’ கொடுத்துக் குவெரியை ஓட்டி, ஓடி முடிந்த பிளானில் (ஆக்சுவல் எக்ஸிகியூஷன் பிளான்) ஒவ்வொரு ஆபரேட்டரும், அதாவது ஒவ்வொரு படியும், எதிர்பார்த்த வரிசைகளின் எண்ணிக்கையை, உண்மையில் வந்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். 100 வரிசைகளை எதிர்பார்த்த இடத்தில் 2 லட்சம் வந்திருந்தால், பிளானை வகுக்கும் ஆப்டிமைசர், ஒவ்வொரு வரிசைக்கும் மற்ற டேபிளைத் தேடும் நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் டேபிளை 2 லட்சம் முறை தேட வைத்திருக்கக்கூடும். பல டேபிள்களை ஒரே குவெரியில் இணைக்கும்போது இந்தப் பிழை இணைப்புக்கு இணைப்பு பெருகுகிறது.

குவெரியை உடைக்க வேண்டிய இடம் அதுதான். உதாரணமாக, ஒரு மாதத்து ஆர்டர்களை மட்டும் வடிகட்டி, தேவையான நெடுவரிசைகளோடு (column) டெம்ப் டேபிளில் இட்டு, அதன் பிறகு வாடிக்கையாளர், கட்டண டேபிள்களோடு இணையுங்கள். டெம்ப் டேபிளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்ற குறிப்பு) இருப்பதால் அடுத்த கட்ட மதிப்பீடு உண்மைக்கு நெருங்கி வரும். டேபிள் வேரியபிளுக்கு (டேபிள் வடிவில் தரவை வைக்கும் மாறி) அது கிடையாது. 2019 பதிப்புக்கு முன்பு, ரீகம்பைல் செய்யாதவரை (பிளானைப் புதிதாக வகுக்காதவரை), அதில் ஒரே வரிசை இருப்பதாகவே ஆப்டிமைசர் பொதுவாகக் கருதியது.

புரொசீஜருக்குள் உருவாகும் டெம்ப் டேபிளின் அமைப்பை எஸ்கியூஎல் சர்வர் அடுத்த ஓட்டத்துக்கென வைத்துக்கொள்ளும். டேபிளை உருவாக்கிய பின் தனியாக இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) சேர்த்தாலும், கன்ஸ்ட்ரெயின்டுக்கு (பிரைமரி கீ போன்ற விதி) பெயர் வைத்தாலும் இந்தச் சலுகை போய்விடும். எனவே இண்டெக்ஸை ‘கிரியேட் டேபிள்’ கட்டளைக்குள்ளேயே எழுதுவது நல்லது. 2014 பதிப்பிலிருந்து அதற்கு வழி உண்டு.

இந்தச் சலுகையின் மறுபக்கமாக, முந்தைய ஓட்டத்தின் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் ஒட்டிக்கொண்டு வரலாம். ஒரு கிளைக்கு 50 ஆர்டர், மற்றொன்றுக்கு 5 லட்சம் என்று அளவு பெரிதும் மாறுமானால், டேபிளை நிரப்பியதும் ‘அப்டேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கொடுத்து, அதைப் படிக்கும் குவெரியில் ‘ஆப்ஷன் ரீகம்பைல்’ சேருங்கள்.

இடைக்கால விடை ஒருமுறை மட்டுமே பயன்பட்டு, மதிப்பீடும் சரியாகவே இருந்தால், டெம்ப் டேபிளைத் தொட வேண்டாம். டெம்ப்டிபியில் எழுதுவதற்கும் செலவு உண்டு.