கேஸ் டியூபை ஒரு தடவை துடைத்துப் பாருங்கள்

அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து கேஸ் டியூபைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? போன வாரம் நான் பார்த்தபோது, ஆரஞ்சு நிற டியூப் எண்ணெய்ப் பிசுக்கில் பழுப்பாகியிருந்தது. அடுப்பு முனையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. துணியால் துடைத்ததும்தான் அச்சடித்த தேதி தெரிந்தது. 5 வருடம் தாண்டிவிட்டது! அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

கசிவு பார்க்கத் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. சோப்புத் தண்ணீரை நுரைத்து டியூபின் இரண்டு முனையிலும், ரெகுலேட்டரைச் சுற்றியும் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிகிறது என்று அர்த்தம். சிலிண்டர் கழுத்துப் பட்டையிலும் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், சிலிண்டரை அடுத்துப் பரிசோதிக்க வேண்டிய கெடு அது. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாதம் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பதற்றத்தில் கை தானாக ஸ்விட்சுக்குத்தான் போகும், அதனால் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வெளியே வந்தபிறகு கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் உண்டு. தீயே பிடித்துவிட்டால் 101.

அப்புறம், வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, ஆறும்வரை அப்படியே விடுங்கள்.