பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களைப் போர் விளையாட்டுக்குத் தயார் செய்வது எப்படி?

பை நிறையக் கிடைக்கும் சாதாரணப் பச்சை சிப்பாய்களை வைத்தே மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கு ஒரு நல்ல படையை உருவாக்கிவிடலாம். புதிதாக இறங்குபவர்களில் பலர் பொம்மை வாங்கிய அன்றே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் துப்பாக்கி முனையிலும் முழங்காலிலும் பெயிண்ட் உரிந்து பச்சை எட்டிப்பார்க்கும். அடியில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்காமல் அடித்ததுதான் காரணம். அதனால் இந்த விளக்கத்தில் பெயிண்டுக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம்.

படி 1: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சென்னையில் சௌகார்பேட்டை காசி செட்டித் தெருவின் மொத்தக் கடைகள், பாண்டி பஜார், சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம் என்று தேடத் தொடங்கலாம். ஒரு சின்ன ஸ்கேலைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். உள்ளங்காலிலிருந்து கண் மட்டம் வரை அளக்க வேண்டும். ஹெல்மெட்டின் உச்சி வரை அளந்தால் கணக்குத் தவறும். பரவலான அளவுகள் மூன்று: 54 மி.மீ. (அசல் ஆள் உயரத்தில் 1/32 பங்கு), 28 மி.மீ., 1/72 (சுமார் 24 மி.மீ.). 2 மி.மீ. வித்தியாசம் மேசையில் கண்ணுக்குத் தெரியாது. 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பெரியவர் நடுவே சிறுவன் நிற்பதுபோல் ஆகிவிடும். கற்றுக்கொள்ள 54 மி.மீ.தான் நல்லது, முகமும் பெல்ட்டும் பிரஷ்ஷுக்கு எட்டும் அளவில் இருக்கும்.

பக்கத்துக்கு 12 பேர், ஒரு தலைவர் என்று தொடங்கினால் போதும். ஒரே ரகப் பையை இரண்டு மூன்றாக வாங்கி, ஒரே மாதிரி நிற்பவர்களைப் பிரித்தெடுங்கள். நின்று சுடுபவர், மண்டியிட்டுச் சுடுபவர், ஓடுபவர் ஆகியோர் படையின் உடம்பு. பைனாகுலர் வைத்திருப்பவரும் வயர்லெஸ் பேசுபவரும் தலைவர்கள். கண்ணிவெடி தேடுபவரை ஆட்டத்தில் பெரும்பாலும் பயன்படுத்த முடியாது. ஆனால் அவரைத் தூக்கிப் போடாதீர்கள். பிரைமர் (அடிப்பூச்சு), நிறக்கலவை, வார்னிஷ் எல்லாவற்றையும் முதலில் அவர்மேல்தான் சோதிக்கப் போகிறோம்.

துப்பாக்கியையும் பாருங்கள். மேலே கைப்பிடி, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மேகசின் (தோட்டாப் பெட்டி) இருந்தால் அது எம் 16 ரைஃபிள். அந்தச் சிப்பாய் வியட்நாம் போர்க்கால அமெரிக்கர். மேகசின் வெளியே தெரியாமல், மரக்கட்டை முன்பக்கம் வரை நீண்டிருந்தால் காரண்ட் ரைஃபிள். அவர் இரண்டாம் உலகப் போர்க்காரர். இருவரையும் ஒரே படையில் கலக்காதீர்கள், அடிக்க வேண்டிய நிறங்களும் வேறு.

பழைய பொருட்களில் கனமான உலோகச் சிப்பாய் சிக்கினால் கொஞ்சம் நிதானியுங்கள். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களைச் செய்யத் தொடங்கி, 1966இல் ஈயத்தை நிறுத்தியது. அடிப்பாகத்தில் அந்தப் பெயர் இருந்து, பழைய பெயிண்டும் மீதியிருந்தால் தொடாதீர்கள். மறுபடி பெயிண்ட் அடித்தால் சேகரிப்பாளரிடம் அதன் மதிப்பு போய்விடும். வேறு ஈயப் பொம்மைகளுக்கு அடிக்கலாம். ஆனால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடக் கூடாது, சாப்பாட்டு மேசையில் வேலை கூடாது, முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

படி 2: என்ன பிளாஸ்டிக்?

பொம்மையின் அடியில் ஒட்டியிருக்கும் பிசிறு ஒன்றை வெட்டி எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கலக்கி, அந்தத் துண்டை விரலால் உள்ளே அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும்.

மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன். பச்சை சிப்பாய்களில் பெரும்பாலானவை இதுதான். துப்பாக்கியை வளைத்தால் திரும்ப நிமிரும். இதன்மேல் பெயிண்டும் பசையும் பிடிப்பது கடினம்.

மூழ்கினால், துண்டை வளைத்துப் பாருங்கள். படக்கென்று உடைந்தால் பாலிஸ்டைரீன். பெயிண்டுக்கு இதைவிட ஒத்துழைக்கும் பொருள் இல்லை. ரப்பர்போல் துவண்டு, மூக்கருகே கொண்டுபோனால் ஒரு வாடை வந்தால் பி.வி.சி. அதை மென்மையாக்கக் கலந்திருக்கும் பொருள் மெல்ல மேலே கசிந்து, ஸ்ப்ரே பெயிண்டோடும் எனாமலோடும் கலந்துவிடும். அப்படி அடித்தது மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். பி.வி.சி.க்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடிப்பது ஒன்றே வழி.

படி 3: கழுவி, நிமிர்த்தி, பிசிறு எடுப்பது

அச்சிலிருந்து பொம்மை எளிதாகக் கழன்றுவர எண்ணெய்ப் பசையுள்ள பொருள் தடவியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத்பிரஷ் கொண்டு மடிப்புகளுக்குள் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு நாள் காயவிடுங்கள். அதற்குப் பிறகு பொம்மையை உடம்பில் பிடிக்காதீர்கள். விரல் எண்ணெய் மறுபடி ஒட்டும்.

கோணலான துப்பாக்கியைக் கொதிக்கும் அளவுச் சூட்டில் உள்ள தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, இடுக்கியால் எடுத்து, நிமிர்த்திப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். பிடியை விட்டுவிட்டுக் குளிர்வித்தால் பழைய கோணலுக்கே திரும்பும்.

உடம்பின் ஓரமாக ஓடும் அச்சுக்கோட்டை எடுக்க பாலிஎத்திலீனில் அரமோ உப்புத்தாளோ போட்டால் நூல் நூலாகப் பிசிறி, முன்பைவிட மோசமாகும். புதிய பிளேடால் மெல்லியதாகச் சீவி எடுங்கள். ஐந்தாறு பொம்மைக்கு ஒரு முறை பிளேடை மாற்றுங்கள்; மழுங்கிய பிளேடு வெட்டாது, இழுக்கும். பாலிஸ்டைரீனுக்கு பிளேடின் முதுகால் சுரண்டினாலே போதும்.

படி 4: வாஷரில் நிறுத்துவது

பெயிண்டுக்கு முன்பே பேஸ் (பொம்மை நிற்கும் பீடம்) ஒட்டிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் 40 மி.மீ. இரும்பு வாஷர் 54 மி.மீ. சிப்பாய்க்குச் சரியாக இருக்கும். எடை கூடுவதால் பொம்மை சாயாது, இரும்பு என்பதால் பிற்பாடு காந்தத்திலும் நிற்கும். ஃபெவிக்விக் பாலிஎத்திலீனை நம்பகமாகப் பிடிக்காது. பொம்மையின் தட்டையான அடியை 80 எண் உப்புத்தாளில் நன்றாகக் கீறிவிட்டு, எம்-சீலின் இரண்டு பகுதிகளையும் சம அளவு பிசைந்து வாஷர்மேல் வையுங்கள். அதில் பொம்மையை அமுக்கும்போது பிதுங்கும் எம்-சீலைப் பொம்மையின் அடித்தட்டு விளிம்புக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். பசை விட்டாலும் அந்த விளிம்பு பூட்டுப்போல் பிடித்திருக்கும். இரவு முழுவதும் இறுகட்டும்.

படி 5: அடிப்பூச்சு

பாலிஎத்திலீனுக்கு இதுதான் உயிர்நாடி. வெள்ளை ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பொம்மை முழுக்க மெல்லியதாகத் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மோவாய், கக்கம், பெல்ட்டின் கீழ் ஆகிய இடங்களில் தேங்கியதைக் காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். விட்டால் முகத்தின் நுணுக்கம் மூழ்கிவிடும். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடித் தோல்போல் பொம்மையைச் சுற்றிக்கொண்டிருக்கும். துப்பாக்கி வளையும்போது அதுவும் சேர்ந்து வளைவதால்தான் மேலுள்ள பெயிண்ட் வெடிக்காமல் இருக்கிறது. ஆனால் ஈரம் பட்டால் இளகும் என்பதால் இதை அப்படியே விடக் கூடாது. ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோவை (கான்வாஸுக்குப் போடும் அடிப்பூச்சு) கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஒரு கோட் அடியுங்கள். அடிக்கும்போது தடிமனாகத் தெரிந்தாலும் காயக் காயச் சுருங்கி மடிப்புகளில் படிந்துவிடும்.

இன்னொரு வழி, கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் போடும் பிளாஸ்டிக் பிரைமர். வாகனப் பெயிண்ட் விற்கும் கடைகளில் கேட்கலாம். கண்ணிவெடிக்காரர்மேல் முதலில் அடித்து, மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அடியுங்கள்.

பாலிஸ்டைரீனுக்கும் உலோகத்துக்கும் மேட் (பளபளக்காத) ஸ்ப்ரே பிரைமர் போதும். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சின்னச் சின்ன வீச்சாக அடிக்க வேண்டும். தூரம் கூடினால், அதுவும் மே மாத வெயிலில், பெயிண்ட் வழியிலேயே காய்ந்து மணல்போல் படியும். நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி ஈரப்பதம். அதிகாலையில் காற்றில் ஈரம் அதிகம். பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் மறுபடி ஏறும். காலை பத்து மணிக்குமேல், கடற்காற்று வருவதற்குள் மொட்டை மாடியின் நிழலில் அடித்துவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாட்களில் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம், பிரஷ் வேலையைச் செய்யுங்கள்.

படி 6: பெயிண்ட்

கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக்குகளே போதும். எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), கறுப்பு, வெள்ளை, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஆகிய ஐந்து இருந்தால் இந்தப் படை முடிந்துவிடும். 0, 1, 2 எண்களில் ரவுண்டு பிரஷ் ஒவ்வொன்று. மூன்று சைபர் பிரஷ் வாங்கி ஏமாறாதீர்கள். சென்னைச் சூட்டில் பெயிண்ட் பொம்மையைத் தொடும் முன்பே அதன் நுனியில் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். ஒரு ஸ்வீட் டப்பாவின் மூடியில் நனைத்த டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டால் பெயிண்ட் மணிக்கணக்கில் காயாத தட்டு தயார்.

ஒரு சிப்பாயை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகாதீர்கள். 12 பேருக்கும் தோல், பிறகு 12 பேருக்கும் சட்டை என்று வரிசையாகப் போனால்தான் நிறம் ஒன்றுபோல் வரும். உள்ளே இருப்பது முதலில், வெளியே இருப்பது பிறகு: முகம், கை, சட்டை, கால்சட்டை, பெல்ட், பூட்ஸ், ஹெல்மெட், கடைசியில் துப்பாக்கி. ஒவ்வொரு நிறத்தையும் மெல்லிய இரண்டு கோட்டாக அடியுங்கள். தடிமனாக ஒரே கோட் அடித்தால் பிரஷ் தடம் அப்படியே நிற்கும்.

ஆலிவ் பச்சைக்கு எல்லோ ஆக்கர் நான்கு சொட்டு, கறுப்பு ஒரு சொட்டு. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை சாயல் தானே வரும். அக்ரிலிக் காய்ந்ததும் கறுத்துவிடும், சிறிய பொம்மையில் எந்த நிறமும் அசலைவிட இருட்டாகவே தெரியும். இரண்டுக்கும் சேர்த்து வெள்ளை கொஞ்சம் கலந்து ஒரு படி வெளுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 மி.லி. கலந்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவர முடியாது.

காரண்ட் வைத்திருப்பவருக்கு வெளிர் காக்கி ஜாக்கெட், பழுப்பு கலந்த ஆலிவ் கால்சட்டை, பழுப்பு பூட்ஸ். துப்பாக்கிக் கட்டை பர்ன்ட் அம்பர். எம் 16 வைத்திருப்பவருக்கு உடை முழுக்கப் பச்சை, துப்பாக்கி முழுக்கக் கறுப்பு. சுத்தக் கறுப்பு அடித்தால் வடிவமே தெரியாது. கொஞ்சம் வெள்ளை சேர்த்த அடர் சாம்பலாக அடியுங்கள்.

தோல் நிறத்தில் எடுப்பான இடங்களுக்கு வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பர்ன்ட் சியன்னாவில் எல்லோ ஆக்கரைக் கூட்டிக்கொண்டே போய் மூக்கு, கன்னம், விரல் முட்டிகளில் வையுங்கள். 54 மி.மீ.க்குக் கீழே கண் வரைய வேண்டாம். மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கப்போகும் பொம்மை இது. கண்குழியில் ஒரு நிழல் இருந்தாலே பார்வை வந்துவிடும்.

படி 7: நிழலும் வெளிச்சமும்

பர்ன்ட் அம்பர் ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு, பல்குச்சி நுனியால் தொட்ட அளவு பாத்திரம் கழுவும் திரவம். இதை மேலே தடவினால் மடிப்புகளில் இறங்கி நிழலாகும். சோப்பு அதிகமானால் நுரைத்து, குமிழி உடைந்த இடமெல்லாம் வட்டம் விழும். தட்டையான இடத்தில் தேங்குவதை ஈரப் பிரஷ்ஷால் இழுத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பழைய பிரஷ்ஷில் வெளிறிய ஆலிவைத் தொட்டு, டிஷ்யூவில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் லேசாக வருடினால் மடிப்பின் விளிம்பு எழுந்து நிற்கும்.

படி 8: தரையும் வார்னிஷும்

எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, பேஸில் ஃபெவிகால் தடவி மேலே தூவுங்கள். கடற்கரை மணல் எடுப்பதாக இருந்தால் நான்கைந்து தண்ணீரில் அலசியே தீரவேண்டும். உப்பு மிஞ்சினால் வாஷர் துருப்பிடித்துக் கறை மேலே வரும். மண்ணுக்குப் பர்ன்ட் அம்பர், அதன்மேல் எல்லோ ஆக்கரை உலர்ந்த பிரஷ்ஷால். தேங்காய் நாரை 5 மி.மீ. துண்டுகளாக வெட்டிக் கற்றையாக நட்டால் காய்ந்த புல் ஆயிற்று.

பாலிஎத்திலீன் பொம்மைக்கு மறுபடியும் ஃபெவிகால் தண்ணீர் ஒரு கோட், ஒரு நாள் கழித்து அக்ரிலிக் வார்னிஷ் கிளாஸ் (பளபளப்பானது) ஒன்று, கடைசியாக மேட் ஒன்று. கிளாஸ்தான் உரசலைத் தாங்கும், மேட் அதன் பளபளப்பை மறைக்கும். ஈர நாளில் மேட் அடித்து வெண்மை பூத்துவிட்டால் பதற வேண்டாம். அதன்மேல் பிரஷ்ஷால் கிளாஸ் ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வறண்ட நாள் பார்த்து மேட்டைத் திரும்ப அடியுங்கள்.

அடுத்த படை

கை பழகியதும் நம் மண்ணின் போர்களுக்கு வாருங்கள். 1746 அக்டோபர் 24 அன்று அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படை ஒன்று ஆற்காட்டு நவாபின் பெரும்படையை விரட்டியது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படையை பிரிட்டிஷ் தளபதி ஐர் கூட் தோற்கடித்தார். நம் பச்சை சிப்பாய்களின் ஹெல்மெட் இதற்கு உதவாது. 1/72 அளவில் வரும் 18ஆம் நூற்றாண்டுப் பெட்டிகள் வேண்டும். பிரெஞ்சு என்றாலே வெள்ளைக் கோட்டு என்று எண்ணி அடித்துவிடாதீர்கள்: லாலியின் சொந்த ரெஜிமெண்ட் அயர்லாந்துப் படை, ஆங்கிலேயரைப்போல் அவர்களுடையதும் சிவப்புக் கோட்டுதான். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்துச் சீருடைகளையும் ஆயுதங்களையும் நேரில் பார்த்துக் குறிப்பெடுங்கள். கறுப்பு அடிப்பூச்சின்மேல் சிவப்பு ஏறாது. பர்ன்ட் சியன்னா அடித்து அதன்மேல் அடியுங்கள். சிவப்பை எடுப்பாக்க வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடும், ஆரஞ்சு சேருங்கள். வெள்ளைக் குறுக்குப் பட்டைகளுக்கு முதலில் வெளிர் சாம்பல், அப்புறம் வெள்ளை.

முடித்த சிப்பாய்களை மூடியுள்ள பிஸ்கட் தகர டப்பாவில் வையுங்கள். வாஷரின் அடியில் காந்தத் தாள் ஒட்டினால் டப்பாவைச் சாய்த்தாலும் நகரமாட்டார்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், அதன் ஆவி பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். வெயில் நேராக இறங்கும் பரணிலும் வேண்டாம், அங்கே துப்பாக்கிகள் மறுபடி வளையும்.