கேன் பஸ் பழுது: கன்ட்ரோலரைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

எக்ஸ்கவேட்டர் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மானிட்டரில் வரிசையாக ஐந்தாறு பிழைக் குறியீடுகள். என்ஜின் கன்ட்ரோலரிடமிருந்து (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) தகவல் வரவில்லை, பம்ப் கன்ட்ரோலரிடமிருந்தும் வரவில்லை, ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறி, கையில் கிடைத்த கன்ட்ரோலரை மாற்றத் தொடங்குவார்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டால், நான்கு பேருக்கும் ஒரே நாளில் தொண்டை கட்டிவிட்டது என்றா நினைப்போம்? லைன் அறுந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

கன்ட்ரோலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் அந்த லைனுக்குப் பெயர் கேன் பஸ். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள்: கேன் ஹை, கேன் லோ. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய இந்த முறையின் மேல்தான் கனரக இயந்திரங்களுக்கான ஜே1939 விதிமுறை ஓடுகிறது. வேகம் நொடிக்கு 250 கிலோபிட், புதிய மாடல்கள் சிலவற்றில் 500. லைனின் இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், அதுதான் டெர்மினேட்டர். சிக்னல் முனையில் மோதி எதிரொலிக்காமல் அது விழுங்கிக்கொள்கிறது. சில மெஷின்களில் இது தனி பிளக்காகத் தெரியும், சிலவற்றில் கன்ட்ரோலருக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

வேண்டியவை: நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், கனெக்டரின் பின்பக்கமாக நுழைக்க மெல்லிய புரோப், அந்த மெஷினின் சீரியல் நம்பருக்கு உரிய ஒயரிங் டயகிராம். வேறு சீரியலின் டயகிராமை வைத்துக்கொண்டு அரை நாளைத் தொலைத்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, லாக் லீவரைப் போட்டு, நீங்கள் வேலை செய்வது தெரியும்படி சாவியில் அட்டை மாட்டிவிடுங்கள்.

1. குறியீடுகளை எழுதுங்கள்

அழித்துவிடாதீர்கள், முதலில் எழுதுங்கள். குறியீட்டில் எஸ்பிஎன் என்பது எதைப் பற்றிய புகார் என்றும், எஃப்எம்ஐ என்பது என்ன வகைப் பழுது என்றும் சொல்லும் எண்கள். எஸ்பிஎன் 639 என்றால் முதல் ஜே1939 லைனைப் பற்றிய புகார். எஃப்எம்ஐ 9 என்றால் வரவேண்டிய தகவல் உரிய இடைவெளியில் வரவில்லை. 19 என்றால் வந்த தகவலே பிழை. ஒரு சென்சார் மட்டும் எஃப்எம்ஐ 3 அல்லது 4 காட்டினால் அது அந்த சென்சாரின் வோல்டேஜ் சமாச்சாரம், கேன் லைனை நோண்ட வேண்டாம்.

பிறகு யார் யாரைக் காணோம் என்கிறார்கள் என்று குறியுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒருவரைக் காணோம் என்றால், அந்த கன்ட்ரோலரின் சப்ளை, எர்த், அதற்குப் போகும் கிளை ஒயர், இந்த மூன்றுக்குள் பழுதைத் தேடுங்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் காணோம் என்றால் எல்லோரையும் இணைக்கும் முதுகெலும்பு லைனே போயிருக்கிறது.

2. பேட்டரி, எர்த்

24 வோல்ட் மெஷினில், ஓடும்போது ஏறக்குறைய 28 வோல்ட் வர வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போதே கன்ட்ரோலரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்ட்டடியில் துருவோ பெயின்ட்டோ இருக்கும். கேன் பழுது என்று வருபவற்றில் சில இங்கேயே முடிந்துவிடும்.

3. 60 ஓம்ஸ்

சாவியை ஆஃப் செய்து, பேட்டரி ஐசோலேட்டரையும் (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) திருப்பி, சில நிமிடங்கள் காத்திருங்கள். கரன்ட் இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். வட்டமான 9 பின் டயக்னாஸ்டிக் கனெக்டரில் சி கேன் ஹை, டி கேன் லோ, ஏ நெகட்டிவ், பி பாசிட்டிவ் என்பது வழக்கம். உங்கள் டயகிராமோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சி-க்கும் டி-க்கும் நடுவே அளங்கள்.

இரண்டு 120 ஓம்ஸ் இணையாக இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை டெர்மினேட்டர் தொடர்பில் இல்லை, அல்லது வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். தவறான பார்ட் நம்பரில் கன்ட்ரோலர் மாட்டினால் இப்படி ஆகும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு ஒயர்களும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

60 வந்ததும் லைன் சுத்தம் என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் இந்த அளவு 60-ஆகவேதான் இருக்கும்.

4. வோல்டேஜ்

ஐசோலேட்டரையும் சாவியையும் ஆன் செய்யுங்கள். சி-யிலிருந்து ஏ-க்கு 2.5-க்குச் சற்று மேல், டி-யிலிருந்து ஏ-க்கு 2.5-க்குச் சற்றுக் கீழ். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 5. பேச்சு நடக்கும்போது ஹை 3.5-க்குத் தாவும், லோ 1.5-க்கு இறங்கும், அந்த வேகம் மீட்டருக்கு எட்டாது, சராசரியைத்தான் காட்டும்.

இரண்டும் அசையாமல் 2.5-லேயே நின்றால் லைனில் யாரும் பேசவில்லை. இரண்டுமே பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் ஏதோ ஒன்று எர்த்தைத் தொடுகிறது, டெர்மினேட்டர் வழியாக மற்றதையும் கீழே இழுக்கிறது. இரண்டும் பேட்டரி வோல்டேஜுக்கு ஏறியிருந்தால் பாசிட்டிவ் ஒயரோடு உரசல்.

5. பாதியாகப் பிரியுங்கள்

மீண்டும் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, லைனின் நடுவில் உள்ள ஒரு கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு பாதியிலும் ஒவ்வொரு டெர்மினேட்டர் இருப்பதால் இரண்டு பக்கமும் 120 வர வேண்டும். எந்தப் பக்கம் கணக்கு தப்புகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். எர்த் ஷார்ட் என்றால், கன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வோல்டேஜைப் பாருங்கள். ஒன்றைக் கழற்றியதும் வோல்டேஜ் இயல்புக்கு வந்தால் அந்த கன்ட்ரோலரில்தான் கோளாறு. கழற்றும்போதும் மாட்டும்போதும் சாவி ஆஃப்.

கண்ணையும் சும்மா விடாதீர்கள். பூம் அடிப்பகுதி, கேபின் அடித்தளம், என்ஜின் பக்கம் கிளாம்ப் விட்ட இடம், இவை உரசும் இடங்கள். பிரஷர் வாஷ் பட்ட கனெக்டரைத் திறந்தால் பின்னில் பச்சை பூத்திருக்கும். கனெக்டருக்குள் இடம் நழுவிய முள் (பின்) வெளியே தெரியாது, ஒயரை லேசாக இழுத்துப் பார்த்தால்தான் கையோடு வரும்.

விட்டு விட்டு வரும் பழுதுதான் பொறுமையைச் சோதிக்கும். ஒரு வீல் லோடரில் இடப்பக்கம் திரும்பினால் மட்டும் டிஸ்ப்ளே செத்துவிடும். எனக்கு முன்னால் பார்த்தவர் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலரை மாற்றியிருந்தார். நேராக நிறுத்தி அளந்தேன்: 60. இடப்பக்கம் முழுவதும் ஒடித்து என்ஜினை அணைத்து, கேபினுக்குள் இருந்தே அளந்தேன்: 120. மறுபடி நேராக்கி, நடு மூட்டின் லாக் பாரைப் போட்ட பிறகுதான் அங்கே கை வைத்தேன். ஹார்னஸின் (ஒயர் கட்டு) மேல் கீறல்கூட இல்லை. விரல்களுக்கிடையே நழுவவிட்டுக்கொண்டே வந்தபோது ஓர் அங்குலம் மட்டும் மஞ்சள் ஒயர் குழைந்தது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு துண்டாகியிருந்தது.

ஒட்டுப் போடும்போது இரு ஒயர்களின் முறுக்கு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளை ஒயரை நீட்டாதீர்கள். ஜே1939-ல் அதற்கு 1 மீட்டர்தான் எல்லை. முடித்ததும் 60-ஐ மறுபடி அளந்து, குறியீடுகளை அழித்து, மெஷின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பாருங்கள். அந்த லோடரை இடப்பக்கம் இருபது தடவையாவது ஒடித்திருப்பேன்.